அல்மாவிவா: சிலியின் போர்தோ பாணிச் சிவப்பு ஒயின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலி நாட்டு ஒயின் என்றால் விலை மலிவாக, அன்றாடம் அருந்துவதற்கு ஏற்றதாக இருக்கும் என்று நினைத்திருப்பவர்கள், அல்மாவிவா புட்டியின் விலையைக் கண்டதும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒயினை இப்போதுதான் அறிந்துகொள்ளத் தொடங்கியவர்களும், பிரெஞ்சு ஒயின்களை நன்கு பழகியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கூடியவரை அவர்களுடைய சொற்களிலேயே எடுத்துக்கொண்டு, எளியவற்றில் தொடங்கி இங்கே தொகுத்திருக்கிறேன்.

அல்மாவிவா என்பது ஒயினின் பெயரா, கம்பெனியின் பெயரா?

இரண்டுமே. சிலியின் தலைநகரான சான்டியாகோவின் தென்கிழக்கு ஓரத்தில், ஆண்டிஸ் மலையடிவாரத்தில், புவென்டே ஆல்டோ என்ற இடத்தில் இருக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் அதனுள் அமைந்த ஆலைக்கும் அந்தப் பெயர்தான். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை உருவாகும் முதன்மைச் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். தோட்டம், ஆலை, ஒயின் மூன்றும் ஒரே பெயரில் இருப்பது பிரான்சின் போர்தோ வட்டார வழக்கம். அங்கே இவ்வாறு தன் தோட்டத்தை மையமாகக் கொண்ட ஒயின் பண்ணையை ‘ஷாத்தோ’ என்பார்கள். அந்த ஏற்பாட்டைத் தென் அமெரிக்காவில் முழு அளவில் செய்து பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அல்மாவிவா தொடங்கப்பட்டது.

இது பிரெஞ்சுக்காரர்களுடையதா, சிலிக்காரர்களுடையதா?

இரு தரப்பும் சேர்ந்து நடத்துவது. 1997-இல் பிரான்சின் ‘பாரன் ஃபிலிப் டி ராத்ஸ்சைல்டு’ நிறுவனத்தின் சார்பில் பாரனஸ் ஃபிலிப்பீன் டி ராத்ஸ்சைல்டும், சிலியின் கோன்ச்சா இ டோரோ நிறுவனத்தின் தலைவராக இருந்த எடுவார்டோ கிலிசாஸ்டி டாக்லேயும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1996-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து உருவான முதல் ஒயின் 1998-இல் சந்தைக்கு வந்தது.

கூட்டாளிகள் இருவருடைய பின்னணியும் கவனிக்கத்தக்கது. ராத்ஸ்சைல்டு குடும்பத்தின் ஷாத்தோ மூத்தோன், போர்தோவின் 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் இரண்டாம் நிலையில் வைக்கப்பட்டு, நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 1973-இல் முதல் நிலைக்கு உயர்த்தப்பட்டது. கலிபோர்னியாவில் ராபர்ட் மொண்டாவியுடன் சேர்ந்து ‘ஓபஸ் ஒன்’ ஒயினை உருவாக்கிய அனுபவமும் அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே இருந்தது. கோன்ச்சா இ டோரோ 1883-இல் தொடங்கப்பட்ட, சிலியின் மிகப் பெரிய ஒயின் நிறுவனம். பிரெஞ்சுத் தரப்பு நுட்பத்தைக் கொண்டுவந்தது என்று மட்டும் சொல்வோர், சிலித் தரப்பு கொடுத்ததை மறந்துவிடுகிறார்கள். 1978-இல் நடப்பட்டு, ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஏறத்தாழ இருபது ஆண்டு முதிர்ந்திருந்த கேபர்னே சாவின்யோன் கொடிகள் நின்ற நிலம் அவர்களுடையது. அந்த நிலம் இல்லாமல் எந்த நுட்பமும் இந்த ஒயினைத் தந்திருக்காது.

லேபிளில் இருக்கும் அந்த வட்டச் சின்னம் என்ன? பெயர் ஸ்பானிஷ் மாதிரி இருக்கிறதே?

வட்டச் சின்னம், சிலியின் பூர்வகுடிகளான மப்புச்சே மக்கள் சடங்குகளில் கொட்டும் ‘குல்ட்ருன்’ என்னும் பறையின் முகப்பு. அந்தப் பறைத்தோலில் தீட்டப்படும் கோலம் பூமியையும் அண்டத்தையும் குறிப்பது. பெயரோ பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷே படைத்த, பின்னர் மோட்சார்ட்டின் இசை நாடகத்திலும் இடம்பெற்ற, அல்மாவிவா பிரபு என்ற பாத்திரத்தினுடையது. லேபிளில் உள்ள எழுத்து போமார்ஷேயின் கையெழுத்திலிருந்து எடுக்கப்பட்டது.

“போர்தோ பாணி” என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் சிவப்பு ஒயினை ஒரே வகைத் திராட்சையிலிருந்து செய்வது அரிது. கேபர்னே சாவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃபிராங்க், பெட்டி வெர்டோ, மால்பெக், கார்மெனேர் ஆகிய ஆறும் அந்த வட்டாரத்துக்குரிய கருந்திராட்சை வகைகள். இவற்றில் சிலவற்றைத் தனித்தனியே நொதிக்கவைத்து, பின்னர் அளவறிந்து கலந்து, ஓக் மரப் பீப்பாயில் முதிரவைப்பதே போர்தோ பாணி. உலகின் எந்த மூலையில் செய்தாலும் இந்த வகைகளைக் கொண்டு இந்த முறையில் செய்வதை அப்பெயரால் குறிப்பிடுகிறார்கள்.

கலப்பது குறையை மறைப்பதற்காக என்று சிலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. கேபர்னே சாவின்யோன், ஒயினுக்குக் கனத்தையும் துவர்ப்பையும் நீண்ட ஆயுளையும் தரும். ஆனால் நடுநாவில் சற்று வெறுமையாக இருக்கக்கூடும். அந்த இடத்தை மென்மையான இன்னொரு வகை நிரப்புகிறது. கேபர்னே ஃபிராங்க் மணத்தையும், பெட்டி வெர்டோ நிறத்தையும் காரசாரத்தையும் சேர்க்கும். ஒவ்வொரு வகையும் வெவ்வேறு வாரத்தில் பழுப்பதால், பருவம் தவறிப் பெய்யும் ஒரு மழையால் விளைச்சல் முழுவதும் கெட்டுப்போகும் ஆபத்தும் குறைகிறது.

அல்மாவிவாவில் எந்தத் திராட்சை எவ்வளவு இருக்கும்?

விகிதம் ஆண்டுதோறும் மாறும். பொதுவாக, மூன்றில் இரண்டு பங்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ கேபர்னே சாவின்யோன். ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை கார்மெனேர். மீதி கேபர்னே ஃபிராங்க், பெட்டி வெர்டோ, சில ஆண்டுகளில் சிறிதளவு மெர்லோ. இன்றைய போர்தோவில் கேபர்னே சாவின்யோனை முதன்மையாகக் கொண்ட கலவைகளில் அதற்கு அடுத்த இடம் பெரும்பாலும் மெர்லோவினுடையது. அல்மாவிவாவில் அந்த இடத்தில் கார்மெனேர் இருக்கிறது. இந்த ஒயினைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுவே என்பது என் கருத்து.

கார்மெனேர் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை. அது சிலியின் திராட்சையா?

பிறந்த இடம் போர்தோ. வாழ்வு கிடைத்த இடம் சிலி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிலியின் செல்வந்தர்கள் போர்தோவிலிருந்து திராட்சைக் கொடிகளை வரவழைத்துத் தங்கள் பண்ணைகளில் நட்டார்கள். அதன்பின் 1860-களில் பிரான்சில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பரவி, நாட்டின் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோது, போர்தோ விவசாயிகள் கார்மெனேரை விட்டுவிட்டார்கள். பூ உதிர்ந்து காய் பிடிக்காமல் போவதும், பழுக்க நெடுநாள் எடுத்துக்கொள்வதும் அதற்குக் காரணம். ஆண்டிஸ் மலை, அட்டகாமா பாலை, பசிபிக் பெருங்கடல் ஆகியவை காவலிருந்த சிலிக்குள் அந்தப் பூச்சி நுழையவே இல்லை. எனவே அங்கே கார்மெனேர் தன் சொந்த வேரிலேயே பிழைத்திருந்தது.

ஆனால் அது கார்மெனேர் என்பதை அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. மெர்லோவுடன் கலந்து நடப்பட்டு, மெர்லோ என்றே அறுக்கப்பட்டு, மெர்லோ என்றே விற்கப்பட்டது. 1994 நவம்பர் 24 அன்று, மைப்போ பள்ளத்தாக்கின் வீன்யா கார்மென் தோட்டத்தில், ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர்தான் அதை அடையாளம் காட்டினார். இரண்டின் இலைகளும் ஒன்றுபோல் இருந்தாலும், கார்மெனேரின் இளந்தளிரைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் செம்மை படர்ந்திருக்கும். மெர்லோவில் அது வெளிறியிருக்கும். அல்மாவிவாவின் முதல் அறுவடை இதற்கு இரண்டே ஆண்டுகள் பின்னால் வந்தது. போர்தோ கைவிட்ட திராட்சையை, போர்தோவின் முதல்நிலைக் குடும்பம் ஒன்று சிலியில் தன் ஒயினுக்குள் மறுபடி சேர்த்துக்கொண்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சிலியில் எவ்வளவோ இடம் இருக்க, புவென்டே ஆல்டோவில் அப்படி என்ன விசேஷம்?

கல். மைப்போ ஆறு மலையிலிருந்து உருட்டிக் கொண்டுவந்து பரப்பிய பழைய படுகை அது. ஓர் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டிப் பார்த்தால், மேலே ஒரு முழம் மண்ணுக்குக் கீழே, கைப்பிடி அளவிலிருந்து தலை அளவு வரை உருண்டைக் கூழாங்கற்கள் அடுக்கடுக்காக இறங்கிப் போவதையும், அவற்றின் இடுக்குகளில் வேர்கள் நெளிந்து இறங்கியிருப்பதையும் காணலாம். பெய்த நீர் அங்கே தேங்குவதில்லை. கொடி இலையும் தண்டுமாகக் கொழுக்காமல், சிறிய, தோல் தடித்த பழங்களையே தரும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன என்பதால் கேபர்னேக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் கிடைப்பது கடினம்.

அடுத்தது காற்று. ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தத் தோட்டத்தில் கோடைப் பகல் நல்ல வெயிலாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் ஆண்டிஸின் குளிர்காற்று மைப்போ பள்ளத்தின் வழியே இறங்கி வந்துவிடும். பகல் வெயில் இனிப்பை ஏற்ற, இரவுக் குளிர் பழத்தின் புளிப்பையும் மணத்தையும் காக்கிறது. கோடையில் மழை அநேகமாக இல்லை என்பதால் அழுகல் நோய்கள் குறைவு. ஆனால் பாசனம் இன்றியமையாதது.

கார்மெனேரும் அதே கல் நிலத்தில்தான் விளைகிறதா?

அதன் பெரும்பகுதி தெற்கே கச்சப்போவால் பள்ளத்தாக்கிலுள்ள பியூமோவிலிருந்து வருகிறது. கார்மெனேர் மெர்லோவைவிட மூன்று நான்கு வாரம் பிந்திப் பழுக்கும். முற்றாகப் பழுக்கும் முன் பறித்துவிட்டால் பச்சைக் குடைமிளகாய் வாடை தூக்கலாக இருக்கும். 1994-க்கு முன் “சிலி மெர்லோ”வில் பலர் குறைகூறிய வாடை இதுதான், மெர்லோவின் நாள்கணக்கில் இதையும் அறுத்ததன் விளைவு. பியூமோவின் களி கலந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே இலையுதிர் பருவமும் இதமானது என்பதால், மே மாதத் தொடக்கம் வரைகூடக் கொடியிலேயே விட்டுவைக்க முடிகிறது.

ஒரே தோட்டத்தின் ஒயின் என்ற ஷாத்தோ இலக்கணம் இதனால் தளர்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. தளர்கிறது என்பது உண்மையே. ஆனால் பழுக்காத கார்மெனேரை இலக்கணத்துக்காகச் சேர்ப்பதைவிட, பழுத்ததை வேறு பள்ளத்தாக்கிலிருந்து கொண்டுவருவதே நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன்.

ஆலையில் என்னதான் செய்கிறார்கள்?

தென் அரைக்கோளம் என்பதால் அறுவடை மார்ச்சில் தொடங்கும். கையால் பறித்த குலைகளை ஆய்ந்து, காம்பு நீக்கி, ஒவ்வொரு பகுதியின் பழத்தையும் தனித்தனித் தொட்டியில் நொதிக்கவைக்கிறார்கள். நொதித்த பின்னும் தோலைச் சாற்றிலேயே சில நாள் ஊறவிட்டு நிறத்தையும் துவர்ப்பையும் இறக்குகிறார்கள். பிறகு பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில், அவற்றிலும் பெரும்பகுதி புதியவற்றில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முதல் இருபது மாதம் வரை முதிர்கிறது. மிஷேல் ஃபிரியூ 2007 முதல் ஒயின் தயாரிப்புக்குத் தலைமை வகித்து வந்திருக்கிறார். ஆலைக் கட்டடத்தை வடிவமைத்தவர் சிலியின் கட்டடக் கலைஞர் மார்டின் ஹூர்டாடோ.

சிலி ஒயினை ஏன் போர்தோ வியாபாரிகள் வழியாக விற்கிறார்கள்?

போர்தோவின் பெரிய ஷாத்தோக்கள் தங்கள் ஒயினை நேரடியாக உலகுக்கு விற்பதில்லை. தரகர்கள் வழியாக ‘நெகோசியான்’ எனப்படும் மொத்த வணிகர்களுக்கு விற்க, அவர்கள் பல நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். ‘லா பிளாஸ்’ என்று அழைக்கப்படும் இந்த அமைப்பில் 1998-இல் இடம்பெற்ற அல்மாவிவாதான் அதில் விற்கப்பட்ட முதல் வெளிநாட்டு ஒயின். ஓபஸ் ஒன் கூட 2004-இல்தான் அங்கே வந்தது. இப்போது பல நாடுகளின் உயர்தர ஒயின்கள் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரையொட்டி அங்கே வெளியாகின்றன. வாங்குபவருக்கு இதனால் கிடைக்கும் நன்மை, புட்டி எந்த வழியாகக் கைக்கு வந்தது என்பதைக் கேட்டறிய முடிவதே.

2015-க்கு 100-க்கு 100 கொடுத்தார்களாமே? அதையே தேடி வாங்க வேண்டுமா?

ஜேம்ஸ் சக்லிங் என்ற அமெரிக்க விமர்சகர் 2015 விளைச்சலுக்கு 100 மதிப்பெண் வழங்கி, 2017-ஆம் ஆண்டின் சிறந்த ஒயினாகவும் அதைத் தேர்ந்தார். அருமையான ஒயின்தான். ஆனால் மதிப்பெண் ஒருவருடைய நாவின் தீர்ப்பு. அது வெளியான மறுநாளே விலை ஏறிவிடும்.

புட்டியிலுள்ள ஆண்டைப் பார்த்து வாங்க விரும்பினால், அந்த ஆண்டின் பருவநிலையைக் கேட்டறிவது மேல். எடுத்துக்காட்டாக, 2016-இல் எல் நினோவால் ஏப்ரலில் மழை கொட்டி அறுவடையை வதைத்தது. அந்த ஆண்டின் ஒயின்கள் பொதுவாக மெலிந்தும் புத்துணர்வோடும் இருந்தன. 2017 கடும் வெப்பத்தால் அறுவடை முந்திய ஆண்டு. சதைப்பற்றும் செறிவும் மிகுதி. எது சிறந்தது என்பதற்கு ஒரே விடை இல்லை. போர்தோவின் நிதானத்தை விரும்புகிறவர்களுக்குக் குளிர்ந்த ஆண்டுகளே பிடிக்கும். நானும் அவர்களுள் ஒருவன்.

டோன் மெல்சோர், வீன்யேடோ சாட்விக், சென்யா… இவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

முதலிரண்டும் புவென்டே ஆல்டோவின் அண்டைத் தோட்டங்கள். மேலே சொன்ன கல்லும் காற்றும் அவற்றுக்கும் உரியவை. டோன் மெல்சோர், கோன்ச்சா இ டோரோ 1987 விளைச்சலிலிருந்து செய்துவரும் ஒயின்; கேபர்னேயின் பங்கு அதில் மிக அதிகம். ஒரு குடும்பத்தின் போலோ மைதானமாக இருந்த நிலத்தில் 1992-இல் கொடி நட்டு உருவானது வீன்யேடோ சாட்விக். சென்யா வடக்கே அக்கொன்காகுவா பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. பெர்லினில் 2004-இல் பெயரை மறைத்து நடத்திய சுவைத் தேர்வில் வீன்யேடோ சாட்விக் 2000 முதலிடமும், சென்யா 2001 இரண்டாமிடமும், போர்தோவின் ஷாத்தோ லாஃபித் 2000 மூன்றாமிடமும் பெற்றதிலிருந்துதான் சிலியை உலகம் கவனிக்கத் தொடங்கியது. புவென்டே ஆல்டோவின் இந்த மூன்று ஒயின்களுள் கார்மெனேருக்கு நிலையான பெரிய பங்கு தருவதும், அதனால் வரும் கருஞ்சாக்லேட், புகையிலை, மிளகு மணமும் அல்மாவிவாவின் அடையாளங்கள்.

அர்ஜென்டினாவிலும் இப்படி ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. ஷெவால் டெஸ் ஆண்டிஸ், போர்தோவின் ஷாத்தோ ஷெவால் பிளாங்கும் மெண்டோசாவின் டெர்ராசாஸ் டி லோஸ் ஆண்டிஸும் சேர்ந்து செய்வது. அங்கே கார்மெனேரின் இடத்தில் மால்பெக் இருக்கிறது. அதுவும் பிரான்சிலிருந்து போன திராட்சைதான். மெண்டோசாவின் உயர்ந்த வறண்ட நிலத்தில் பிரான்சைவிடச் சிறப்பாக விளைந்து அந்நாட்டின் அடையாளமாகிவிட்டது.

எபு என்ற புட்டி பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறதே, அது கழித்துப்போட்ட சரக்கா?

இல்லை. எபு அதே நிறுவனத்தின் இரண்டாம் ஒயின். 2000 விளைச்சலில் தொடங்கியது. கலவையைத் தீர்மானிக்கும்போது, முதன்மை ஒயினின் செறிவுக்கும் நீண்ட ஆயுளுக்கும் பொருந்தாத தொட்டிகள் இதற்கு ஒதுக்கப்படுகின்றன. அதே ஊழியர்கள், அதே கவனிப்பு. சீக்கிரமே அருந்தத் தயாராகிவிடுகிறது. அல்மாவிவாவுக்கு 100 டாலருக்குக் கணிசமாக மேல் கொடுக்கத் தயங்குகிறவர்கள் எபுவில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

வாங்கியதும் திறந்து குடித்துவிடலாமா, வைத்திருக்க வேண்டுமா?

இளம் வயதிலும் அருந்தலாம். சிலியின் வெயில் தந்த பழச்சதை போர்தோவைவிட முன்கூட்டியே இணங்கி வரும். ஆனாலும் விளைச்சல் ஆண்டிலிருந்து எட்டுப் பத்து ஆண்டு கழிந்த பிறகுதான் துவர்ப்பு அடங்கி, ஓக் வாசனை உள்ளே கரைந்து, மற்ற மணங்கள் வெளிவருகின்றன. நல்ல ஆண்டுகள் இருபதைத் தாண்டியும் நிற்கும். அதற்கு 12 முதல் 15 டிகிரி வரையான நிலையான குளிர்ச்சி, இருட்டு, தக்கை காயாதபடி படுக்கவைத்தல் ஆகியவை வேண்டும். வெயில் ஊர்களில் சமையலறை அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த புட்டியிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

பழைய புட்டியானால் முதல் நாளே நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் தங்கவிட வேண்டும். திறந்தபின், புட்டியின் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே சீராக வேறு கண்ணாடிக் குடுவைக்குச் சாய்க்க வேண்டும். வெளிச்சத்தில் தெளிவாகச் செல்லும் சிவப்பினூடே புகைபோல ஒரு கருங்கோடு கழுத்தை எட்டும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இளம் புட்டிக்கு இந்தக் கவனம் தேவையில்லை. ஓரிரு மணி நேரம் குடுவையில் காற்றாடவிட்டால் போதும். பரிமாறும்போது 16 முதல் 18 டிகிரி.

நம் மட்டன் வறுவலோடு சரிப்படுமா?

ஆட்டிறைச்சி மிகப் பொருத்தம். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மென்மையாக்கும். சிக்கல் மிளகாயில்தான். மிளகாய் எரிச்சல், ஒயினின் ஆல்கஹாலையும் துவர்ப்பையும் கூட்டிக்காட்டிப் பழச்சுவையை அமுக்கிவிடும். மிளகு தூக்கலாக, மிளகாயும் புளியும் குறைவாகச் செய்த வறுவலென்றால், கார்மெனேரின் மிளகு மணத்தோடு நன்றாகவே சேரும்.

சான்டியாகோ நகரம் வளர்ந்துகொண்டே போகிறதே, இந்தத் தோட்டம் இன்னும் எத்தனை காலம் நிற்கும்?

கேட்கவேண்டிய கேள்வி. புவென்டே ஆல்டோ இன்று சிலியில் மக்கள்தொகை மிகுந்த நகராட்சிகளில் ஒன்று. மெட்ரோ ரயில் அங்கே வரை ஓடுகிறது. முன்பு வயலாக இருந்த இடங்களில் குடியிருப்புகள் எழுந்து தோட்டத்தை நெருங்கி நிற்கின்றன. ஒயின் வருமானம் இந்த அளவுக்கு இல்லாவிட்டால் நிலம் மனைகளாக மாறியிருக்கக்கூடும். விலை உயர்ந்த ஒயின் என்பதே இங்கே நிலத்துக்குக் காவலாகவும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். நடுச் சிலியில் 2010 முதல் தொடர்ந்துவந்த வறட்சி அண்மை வரலாற்றில் காணாத நீளமுடையது. ஆண்டிஸின் பனி குறைந்தால் மைப்போ ஆறும் குறையும். சொட்டுநீரை அளந்து விடுவதும், வெப்பம் கூடிய ஆண்டுகளில் அறுவடையை முன்னே நகர்த்துவதும் இன்றைய தற்காப்புகள். 1978-இல் நட்ட கொடிகளோ முதுமையை நெருங்குகின்றன. அவற்றைச் சிறுசிறு பகுதியாகப் பிடுங்கி மறுநடவு செய்ய வேண்டும். புதுக்கொடியின் பழம் முதன்மை ஒயினுக்குரிய செறிவை எட்டப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை அது மேலே சொன்ன எபுவுக்கே போய்ச் சேரும்.